‘டெட் கே’ (2021): மரக்குடிசைக்குள் நம்மை உட்கார வைக்கும் இந்தப் படம் யார் பக்கம் நிற்கிறது?

திரைநோக்கி (இழையைத் தொடங்கியவர்)

டோனி ஸ்டோன் இயக்கிய ‘டெட் கே’ 2021 பெர்லின் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டு, 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியானது. அதைப் பற்றி இங்கே உதிரியாகச் சில வரிகள் எழுதப்பட்டிருக்கின்றனவே தவிர, முறையான விவாதம் நடக்கவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். 1978 முதல் 1995 வரை அஞ்சல் வழியாகவும் நேரில் வைத்தும் 16 குண்டுகளால் 3 பேரைக் கொன்று 23 பேரைக் காயப்படுத்தியவரும், ‘யூனாபாமர்’ என்ற பெயரில் எஃப்.பி.ஐ. தேடியவருமான தியோடர் (சுருக்கமாக ‘டெட்’) காசின்ஸ்கி அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் வாழ்ந்த வாழ்க்கையே படத்தின் களம்.

படம் பார்த்தவர்களின் எதிர்வினைகளைப் பல இடங்களில் தேடிப் படித்தேன். ஒரு சாரார், இரண்டு மணி நேரம் ஒரு கொலைகாரனின் மூச்சுக்காற்றையே கேட்க வைத்ததற்காக இயக்குநரைத் திட்டுகிறார்கள். இன்னொரு சாரார், இவ்வளவு நிதானமாகவும் தீர்ப்புச் சொல்லாமலும் எடுத்ததற்காகப் பாராட்டுகிறார்கள். மூன்றாவதாக, முன்னோட்டக் காணொளியின் கீழே திரண்டு நின்று ‘அங்கிள் டெட் சொன்னது சரிதான்’ என்று எழுதிவிட்டுப் போகும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களில் பலர் படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் ஐயம்.

என் கேள்வி ஒன்றுதான். ஏறத்தாழ எல்லாக் காட்சிகளிலும் அவர் இருக்கிறார், அவர் எழுதியவையே பின்னணிக் குரலாக ஒலிக்கின்றன, உலகமே அவர் காதால் கேட்கப்படுகிறது. இப்படி அமைக்கப்பட்ட ஒரு படம், நாம் என்னதான் விழிப்போடு அமர்ந்தாலும், அவருக்கு ஆதரவாகவே நம்மைச் சாய்த்துவிடாதா?

மலைப்பாதை

நல்ல இழை, நண்பரே. எனக்குப் படம் மிகவும் பிடித்திருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பனி மூடிய காட்டில் ஸ்நோமொபைல்கள் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகள்) இரைச்சலோடு சீறிப் பாய்கின்றன. மரங்களுக்கிடையே மறைந்தபடி ஒரு மனிதர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்து அவர் அந்தப் பணக்காரர்களின் ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்து கோடரியால் அடித்து நொறுக்குகிறார். இதில் நியாயம் இருக்கிறதா என்று நம்மை யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த இரைச்சல் நம் காதையும் துளைத்திருக்கிறது என்பதால், கோடரி விழும்போது உள்ளே எங்கோ ஒரு மூலையில் நிம்மதி பிறக்கிறது. அந்த நிம்மதியைக் கண்டு நாமே துணுக்குறுகிறோம். படத்தின் வலிமை அந்தத் துணுக்கத்தில்தான் இருக்கிறது.

காசின்ஸ்கி வாழ்ந்த அதே நிலத்திலேயே, அவருடைய மரக்குடிசை நின்ற இடத்திலேயே, அதைப் போன்ற ஒன்றை மறுபடி கட்டிப் படமாக்கியிருக்கிறார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கிடையாது. அந்தக் காட்டில் மரம் வெட்டும் இயந்திரங்களின் ஓசையும் தலைக்கு மேல் பறக்கும் விமானங்களின் ஓசையும் கலந்து வரும்போது, ஒரு மனிதர் அமைதியைத் தேடி ஓடிவந்தும் அது கிடைக்கவில்லை என்பது விளக்கமின்றியே புரிகிறது. வன்முறையை நான் ஏற்கவில்லை. ஆனால் தொழில்நுட்பத்தைப் பற்றிய அவருடைய கவலைகளில் இன்றைக்கும் பொருந்துகிறவை இருக்கின்றன என்று பார்வையாளர்கள் சொல்வதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

சேக்ரமெண்டோவாசி

கலிபோர்னியாவின் சேக்ரமெண்டோ நகரில் நீண்ட காலமாக வசிக்கிறேன். இறந்த மூவரில் இருவர் இந்த ஊரில்தான் இறந்தார்கள். அதனால் என் பார்வை சற்றுக் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1985 டிசம்பர் 11 அன்று ஹியூ ஸ்க்ரட்டன் என்ற 38 வயதுக்காரர் தம்முடைய கணினிக் கடைக்குப் பின்புறம் வண்டி நிறுத்துமிடத்தில் கிடந்த ஒரு பொருளை, யார் காலையாவது குத்திவிடும் குப்பை என்றெண்ணி அப்புறப்படுத்தக் குனிந்தார். அது வெடித்தது. குண்டுகளால் இறந்த முதல் மனிதர் அவர்தாம். வாடகைக்குக் கணினி கொடுக்கும் சிறிய கடை அது. தொழில்துறைச் சமூகத்தின் அதிகார பீடம் என்று அதைச் சொல்ல யாருக்காவது மனம் வருமா?

1995 ஏப்ரல் 24 அன்று கலிபோர்னியா வனத்தொழில் சங்கத்தின் அலுவலகத்துக்கு ஒரு பொதி வந்தது. அதன் மேல் எழுதப்பட்டிருந்தது சங்கத்தின் முன்னாள் தலைவரின் பெயர். அவர் பதவியிலிருந்து விலகிவிட்டார் என்பது அனுப்பியவருக்குத் தெரியவில்லை. புதிய தலைவரான கில்பர்ட் மர்ரி அதைப் பிரித்தார். 47 வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. அறிவுக்கூர்மையைப் பற்றி இங்கே பலரும் வியந்து எழுதக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன்: அந்த அறிவு ஒரு பெயர்ப்பட்டியல் பழையதாகிவிட்டதா என்று கூடப் பார்க்கவில்லை.

படத்தில் இவர்கள் யாரும் மனிதர்களாக வருவதில்லை. பெரும்பாலும் செய்தியாகத்தான் வருகிறார்கள். மலைப்பாதை அவர்கள் ‘நிம்மதி’ என்று சொன்ன உணர்வை நான் மறுக்கவில்லை. அது யாருடைய செலவில் நமக்குக் கிடைக்கிறது என்று இயக்குநர் நம்மிடம் கணக்குக் காட்டவில்லை என்பதுதான் என் குறை.

பழைய புரொஜெக்டர்

திரைமொழியைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இந்த இழை குற்றவியல் வகுப்பாகிவிடும்.

காசின்ஸ்கியாக நடித்திருக்கும் ஷார்ல்டோ கோப்லி தென்னாப்பிரிக்க நடிகர். 2009-இல் வந்த வேற்றுக்கிரகவாசிகள் படத்தில் பதற்றமும் அசட்டுத்தனமும் கலந்த ஓர் அலுவலராக நடித்தவர் என்றால் பலருக்கும் நினைவு வரும். அந்த அசட்டுத்தனத்தின் மிச்சம் இங்கேயும் இருக்கிறது, அது நல்ல முறையில் பயன்பட்டிருக்கிறது. தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று தாயிடமும் தம்பியிடமும் பணம் கேட்டுக்கொண்டே அவர்களைக் குற்றம் சாட்டும் காட்சிகளில், உலகத்தையே திருத்தப் புறப்பட்டவராகவா அவர் தெரிகிறார்? வீட்டை விட்டுப் போயும் வீட்டாரை விடாத ஒரு மூத்த மகனாகத்தான் தெரிகிறார். எந்தப் புலனாய்வுத் தொடரிலும் இந்தக் கூறு இவ்வளவு தெளிவாக வந்ததில்லை.

இசையைப் பொறுத்தவரை, ‘பிளாங்க் மாஸ்’ என்ற பெயரில் இயங்கும் இசைக்கலைஞரின் மின்னணு இசை, இயந்திரத்தை வெறுத்த ஒருவரைப் பற்றிய படத்துக்கு வேண்டுமென்றே முரணாக வைக்கப்பட்டிருக்கிறது. அவருடைய மண்டைக்குள்ளும் ஓர் இயந்திரம்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குப் பட்டது. இரண்டாம் பாதியில் அது மிகையாகிவிட்டது என்பது உண்மை. கற்பனைக் காதலி வரும் காட்சிகளையும் எளிதாக வெட்டியிருக்கலாம். இல்லாத ஒரு பெண்ணைக் கொண்டுவந்து தனிமையை விளக்குவது எத்தனையோ படங்களில் பார்த்துப் புளித்த உத்தி.

இயக்குநரின் முந்தைய வேலையையும் கவனிக்க வேண்டும். 2016-இல் வெர்மாண்ட் மாநிலத்தில் பண்ணையில் தனியாக வாழ்ந்த, குடிப்பழக்கம் உள்ள ஒரு விவசாயியைப் பற்றி அவர் ஓர் ஆவணப்படம் எடுத்தார். தனித்து வாழும் கடுகடுப்பான ஆண்களின் அன்றாட வேலைகளைப் பக்கத்திலேயே நின்று பார்ப்பது அவருக்குப் பழகிய வழி. ஆகவே அவர் காசின்ஸ்கிக்குப் பரிந்து பேசுகிறார் என்பதைவிட, தமக்குத் தெரிந்த வழியில் எடுத்தார் என்பதே பொருந்தும். விவசாயிக்குச் சரியாக இருந்த அந்த நெருக்கம் குண்டு வைத்தவருக்கும் சரியாக இருக்குமா என்பது வேறு கேள்வி, அதற்கு என்னிடம் பதில் ‘பாதி வரை சரி’ என்பதுதான்.

எண்கோலம்

கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். காசின்ஸ்கியைப் பற்றிய எந்த விவாதத்திலும் ‘கணித மேதை’ என்ற அடைமொழி தானாக வந்து ஒட்டிக்கொள்வதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

1942-இல் சிகாகோவில் பிறந்தவர். 16 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1967-இல் முனைவர் பட்டம் பெற்றார். எல்லைச் சார்புகளைப் பற்றிய அந்த ஆய்வேடு, அவ்வாண்டு அங்கே கணிதத்தில் சிறந்த ஆய்வேட்டுக்கான பரிசைப் பெற்றது. 25 வயதில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். 1969-இல் காரணம் சொல்லாமல் விலகல். இவையெல்லாம் உண்மை. அவர் வேலை நேர்த்தியானது, கடினமானது. ஆனால் அத்துறை மிகக் குறுகியது. அன்றைக்கே அதில் ஈடுபட்டிருந்தவர்கள் மிகச் சிலர். திறமைமிக்க இளம் ஆய்வாளர் என்று சொல்லலாம், அதற்கு மேல் போவதற்கான சான்றுகளை அவர் விட்டுச் செல்லவில்லை. வகுப்பில் பாடப்புத்தகத்தை அப்படியே ஒப்பிப்பார், கேள்விகளுக்குப் பதில் சொல்லமாட்டார் என்று மாணவர்கள் புகார் கொடுத்ததும் பதிவாகியிருக்கிறது.

படம் இந்தக் கதைக்குள் போகவே இல்லை. கரும்பலகை இல்லை, காற்றில் மிதக்கும் சமன்பாடுகள் இல்லை. இதற்காக இயக்குநருக்கு என் நன்றி. மேதைமையைக் காட்டிவிட்டால், ‘இவ்வளவு பெரிய அறிவாளி இப்படிச் செய்தார் என்றால் ஏதோ காரணம் இருக்கத்தான் வேண்டும்’ என்ற எண்ணம் பார்வையாளர் மனத்தில் தானே புகுந்துவிடும். 2017-இல் டிஸ்கவரி அலைவரிசையில் வந்த தொடர் அந்தக் குழியில் நன்றாகவே விழுந்தது.

ஹார்வர்டு சோதனைகளைப் பற்றியும் யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 1959 முதல் 1962 வரை உளவியலாளர் ஹென்றி மர்ரியின் ஆய்வில் அவர் பங்கேற்றார், அதில் மாணவர்களின் நம்பிக்கைகளைக் கடுமையாகத் தாக்கிப் பேசி அவர்கள் எப்படி எதிர்வினையாற்றுகிறார்கள் என்று பதிவு செய்தார்கள். ஆய்வு நெறிப்படி அது வெட்கக்கேடு. ஆனால் ‘அதுதான் அவரைக் குண்டு வைப்பவராக்கியது’ என்று இணையத்தில் உறுதியாகச் சொல்கிறவர்கள், அந்த அனுபவம் தம் வாழ்க்கைப் போக்கைக் குறிப்பிடத்தக்க விதத்தில் பாதிக்கவில்லை என்று காசின்ஸ்கியே பிற்காலத்தில் எழுதியதைக் கண்டுகொள்வதில்லை. அவர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் தொழில்நுட்பச் சமூகத்துக்கு எதிராக அவர் எழுதிய நீண்ட அறிக்கையை வரிக்கு வரி நம்புகிறவர்கள், இதை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறார்கள்?

திரைநோக்கி

எண்கோலம் ஐயா கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

காசின்ஸ்கி இரண்டு விதமாக எழுதினார். உலகத்துக்காக எழுதியது சுமார் 35,000 சொற்கள் கொண்ட அறிக்கை. அதை வெளியிட்டால் கொலைகளை நிறுத்துவதாக நிபந்தனை விதித்ததால், அமெரிக்க அரசின் தலைமை வழக்குரைஞரும் எஃப்.பி.ஐ. இயக்குநரும் பரிந்துரைக்க, 1995 செப்டம்பர் 19 அன்று வாஷிங்டன் போஸ்ட் அச்சிட்டது, நியூயார்க் டைம்ஸ் செலவில் பங்கேற்றது. அதில் ‘நாங்கள்’ என்று ஓர் இயக்கமே பேசுவது போன்ற தொனி. ஆனால் அந்த இயக்கத்தில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

தமக்காக எழுதியவை நாட்குறிப்புகள். 1996 ஏப்ரல் 3 அன்று அவரைக் கைது செய்தபோது குடிசையில் கிடைத்த கையெழுத்துப் பக்கங்கள் ஏறத்தாழ 40,000 என்று எஃப்.பி.ஐ. கூறுகிறது. சிலவற்றைச் சங்கேத எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் வைத்த பகுதிகளைப் படித்தால் கொள்கை வேடம் கழன்று விழுகிறது. மொண்டானாவின் லிங்கன் என்ற ஊருக்குக் குடிபோன 1971-ஆம் ஆண்டிலேயே, தாம் செய்யப்போவதற்குக் காரணம் தனிப்பட்ட பழிவாங்கல் மட்டுமே என்றும், அதனால் எதையும் சாதிக்க முடியும் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஸ்க்ரட்டன் இறந்த பிறகு, அவருக்கு வலியே தெரிந்திருக்காது என்று திருப்தியோடு குறித்துவிட்டு, தம்மைப் பிடிக்க 25,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டிருப்பது பெருமையாக இருக்கிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார். குண்டுகளுக்கு அவர் வைத்த பெயர் ‘சோதனை’, அதற்கு வரிசை எண் வேறு.

என் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். படம் அறிக்கையை மட்டும் பின்னணியில் ஓட விட்டிருந்தால், அது விளம்பரப் படமாகியிருக்கும். நாட்குறிப்பின் சில்லறைத்தனத்தையும் சேர்த்ததால்தான், கவனித்துக் கேட்கும் பார்வையாளருக்கு அந்தக் குரல் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், அந்தக் குரல் ஒலிக்கும்போது திரையில் காட்டு ஓடையும் விளக்கொளியும் அழகாக இருக்கின்றன. கண்ணைப் பறித்துக்கொண்டு காதுக்கு உண்மை சொன்னால் எத்தனை பேர் காதைத் தீட்டிக்கொள்வார்கள்?

மட்டுறுத்துநர்

விவாதம் நன்றாகச் செல்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த அறிக்கையின் கோப்புகளையோ, குண்டு தயாரிப்பு இடம்பெறும் காட்சித் துண்டுகளையோ இங்கே இணைக்க வேண்டாம். அப்படி வந்த இரண்டு இடுகைகள் நீக்கப்பட்டுள்ளன.

மலைப்பாதை

நாட்குறிப்பு அவருடைய மனநிலையைக் காட்டுகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒருவர் கெட்ட நோக்கத்தோடு சொல்வதாலேயே அவர் சொல்லும் செய்தி பொய்யாகிவிடுமா? காடழிப்பும், ஒருவரையொருவர் முகம் பாராமல் இயந்திரத்தின் வழியே வாழும் வாழ்க்கையும் 1970-களைவிட இன்று குறைந்தா இருக்கின்றன? இளம் பார்வையாளர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் கைப்பேசியைக் கீழே வைத்ததாக எழுதியிருப்பதைப் படித்தேன். அவர்கள் யாரும் குண்டு செய்யப் போகவில்லை. ஒரு கலைப்படைப்பு இவ்வளவு யோசிக்க வைத்தால் அதை ஏன் குற்றக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

எண்கோலம்

கருத்தை மனிதரிடமிருந்து பிரிக்கலாம், தவறில்லை. அப்படியானால் முழுமையாகப் பிரித்துவிடுங்கள். தொழில்நுட்பச் சமூகத்தைப் பற்றி இதே விமரிசனங்களை, காசின்ஸ்கி பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழாக் எல்லுல் நூலாக எழுதிவிட்டார். காசின்ஸ்கியே அவரை விரும்பிப் படித்தவர்தான். எல்லுல் யாருக்கும் பொதி அனுப்பவில்லை. ஆனால் முன்னோட்டக் காணொளியின் கீழே எல்லுலின் பெயரை எழுதுகிறவர் ஒருவரும் இல்லை. ‘அவர் சொன்னது சரி’ என்பவர்களை ஈர்ப்பது கருத்து மட்டும்தானா, குண்டுகள் அந்தக் கருத்துக்குக் கொடுத்த புகழா?

அறிக்கையின் பின்விளைவையும் மறக்க வேண்டாம். 2011-இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவன் தன்னுடைய நீண்ட ஆவணத்தில் காசின்ஸ்கியின் பத்திகளைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்து, சில சொற்களை மட்டும் தனக்கு வேண்டியபடி மாற்றிச் சேர்த்திருந்தான். அவனுக்குக் காட்டைப் பற்றி எந்தக் கவலையும் இருந்ததில்லை.

வேப்பநிழல்

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். பெண்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் இடைமறிக்கிறேன்.

கற்பனைக் காதலி வரும் காட்சிகளை வெட்டியிருக்கலாம் என்று பழைய புரொஜெக்டர் அண்ணன் எழுதியிருந்தார். எனக்கு அவை தேவையாகத்தான் தோன்றின, அழகுக்காக அல்ல. படத்தில் அவருக்கு இணக்கமாக இருக்கும் ஒரே பெண் அவரே உருவாக்கிக்கொண்டவள். உயிருள்ள பெண்கள் எதிரில் வரும்போதெல்லாம் அவர் கூசுகிறார் அல்லது சீறுகிறார். இது இயக்குநர் இட்டுக்கட்டியதில்லை. 1978-இல் சிகாகோவுக்கு அருகே தந்தையும் தம்பியும் பணிபுரிந்த தொழிற்சாலையில் காசின்ஸ்கியும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே மேற்பார்வையாளராக இருந்த ஒரு பெண்ணோடு சில நாட்கள் பழகினார், அந்தப் பெண் விலகிக்கொண்டதும் அவரை இழிவுபடுத்தும் பாடல்களை எழுதிச் சுவரில் ஒட்டினார். நிறுத்தச் சொல்லியும் கேட்காததால், காசின்ஸ்கியை வேலையிலிருந்து நீக்கியவர் சொந்தத் தம்பி டேவிட். முதல் குண்டு வெடித்ததும் அதே ஆண்டில்தான். தொழில்நுட்பத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மலைப்பாதை அவர்கள் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

இன்னொன்றும் உண்டு. செய்திகளில் வந்த விவரங்களை வைத்து, ‘உங்கள் அண்ணனாக இருக்கக்கூடுமோ’ என்று டேவிடிடம் முதலில் கேட்டவர் அவருடைய மனைவி லிண்டா பேட்ரிக். தத்துவப் பேராசிரியரான அவர் அதுவரை தம் மைத்துனரை நேரில் சந்தித்ததே இல்லை. கடிதங்களின் வழியாக அறிந்ததோடு சரி. அறிக்கை அச்சான பிறகு கணவனும் மனைவியும் பழைய கடிதங்களை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்த அந்த வாரங்கள் தனிப் படமாகவே எடுக்கத் தக்கவை. இந்தப் படத்திலோ தம்பி தொலைபேசியின் மறுமுனையில்தான் இருக்கிறார்.

பழைய புரொஜெக்டர்

கற்பனைக் காதலியைப் பற்றி வேப்பநிழல் சொல்வது யோசிக்க வைக்கிறது, ஆனாலும் காட்சிகள் படமாக்கப்பட்ட விதம் மென்மையாகவும் மங்கலாகவும் இருப்பதால் அந்தக் கூர்மை பார்வையாளரைச் சென்று சேர்வதில்லை என்பதே என் எண்ணம்.

தம்பியை மறுமுனையில் மட்டும் வைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. டேவிடைத் திரையில் காட்டியிருந்தால் நாம் உடனே அவர் பக்கம் ஓடித் தப்பித்திருப்போம்.

சேக்ரமெண்டோவாசி

தப்பிக்க விடக் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் தப்பிக்க விடாமலேயே மற்றவர்களையும் காட்ட முடியும்.

பெர்க்லியில் கோரி ஹால் என்ற கட்டடத்தில் இரண்டு முறை குண்டு வெடித்தது. 1982 ஜூலையில் காயமடைந்தவர் மின்பொறியியல் பேராசிரியர் டயோஜினிஸ் ஆஞ்சலகோஸ். அவர் குணமடைந்து மீண்டும் அதே கட்டடத்தில் வேலை பார்த்தார். 1985 மே மாதம், அங்கே முதுநிலை மாணவராக இருந்த விமானப்படை அதிகாரி ஜான் ஹவுசர், கணினி அறையில் கிடந்த ஒரு பொருளைத் திறந்தார். விண்வெளி வீரராக வேண்டும் என்ற கனவோடு இருந்த அவருக்கு வலக்கையின் நான்கு விரல்கள் போயின. விரலில் இருந்த விமானப்படைக் கல்லூரி மோதிரம் பறந்துபோய்ச் சுவரில் மோதி, அதன் தடம் பதிந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களில் ஆஞ்சலகோஸும் ஒருவர். சக பேராசிரியர் ஒருவரின் கழுத்துப்பட்டியை வாங்கி ஹவுசரின் கையில் இறுகக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தினார்.

இதை நான் உணர்ச்சியைக் கிளற எழுதவில்லை. காசின்ஸ்கி அந்த நிகழ்வைப் பற்றிப் பின்னர் நாளிதழில் படித்துத் தெரிந்துகொண்டார். படமும் அவரோடு சேர்ந்து நாளிதழைப் படிக்கிறது. அவருக்குத் தெரிந்த அளவே நமக்கும் தெரிய வேண்டும் என்பது இயக்குநர் தாமே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு, அதை யாரும் அவர் மேல் திணிக்கவில்லை. கற்பனைக் காதலிக்காக அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த முடிந்தவருக்கு, இரண்டு நிமிடம் கோரி ஹாலுக்குள் போய்வர ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி.

மலைப்பாதை

கற்பனைக் காதலி அவர் மண்டைக்குள் இருந்தவள் என்பதால் அது கட்டுப்பாட்டை மீறியதாகாது என்று வாதிடலாம். ஆனால் வாதத்துக்காக மட்டும் அதைச் சொல்ல விரும்பவில்லை. கோரி ஹால் நிகழ்வை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை.

வேப்பநிழல் சகோதரிக்குப் பதில்: தொழிற்சாலை நிகழ்வுக்கும் தொழில்நுட்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நான் நியாயப்படுத்துவது அவரை அல்ல. பார்வையாளராக எனக்கு அந்த முதல் அரை மணி நேரம் தந்ததை மட்டுமே.

வேப்பநிழல்

அந்த அளவில் சொன்னால் எனக்கும் மறுப்பில்லை. முதல் அரை மணி நேரத்தில் நானும் அந்த ஸ்நோமொபைல்காரர்களைச் சபித்தேன்.

திரைநோக்கி

முடிவைப் பற்றி இன்னும் பேசவில்லை. வனத்துறை அலுவலர் ஒருவர் நில எல்லையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட, காசின்ஸ்கி கதவைத் திறந்து வெளியே வர, பிடித்துவிடுகிறார்கள். படம் அதற்குப் பிறகான வழக்குக்குள் போவதில்லை. எனக்கு இது பெரிய இழப்பு. ஏனென்றால், அவருடைய வழக்குரைஞர்கள் மனநலக் குறைபாட்டை முன்வைத்து மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற முயன்றார்கள். குடிசையையே பெயர்த்து லாரியில் ஏற்றி, மொண்டானாவிலிருந்து சேக்ரமெண்டோ வரை கொண்டுவந்தார்கள். இப்படி ஓர் இடத்தில் வாழ்ந்தவரின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நடுவர் குழு நேரில் பார்க்கட்டும் என்பது திட்டம். காசின்ஸ்கிக்கோ தம்மைப் பைத்தியம் என்று சொல்வதுதான் தாங்க முடியாத அவமானம். தாமே வாதாட அனுமதி கேட்டு, அது மறுக்கப்பட்டதும், 1998 ஜனவரி 22 அன்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. அந்தக் குடிசையை நடுவர் குழு பார்க்கவே இல்லை.

படத்தின் இறுதியில் இது ஒரு காட்சியாக வந்திருந்தால், இரண்டு மணி நேரமாக நாம் எந்தக் குடிசைக்குள் அமர்ந்திருந்தோமோ அதுவே சான்றுப் பொருளாக லாரியில் போவதைப் பார்த்திருப்போம். அவர் மனம் சரியில்லாதவரா, தெளிவான வஞ்சகரா என்று இங்கே நாம் அடித்துக்கொள்வதை அன்றைக்கு அவருடைய வழக்குரைஞர்களே அவரோடு அடித்துக்கொண்டார்கள்.

சேக்ரமெண்டோவாசி

ஒரு சிறு சேர்க்கை. அந்தக் குடிசை பின்னர் வாஷிங்டனில் இருந்த செய்தி அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் காட்சிக்கு இருந்தது, 2019-இல் அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டது. 2011-இல் அவருடைய தட்டச்சுப் பொறி, நாட்குறிப்புகள் உள்ளிட்ட உடைமைகளை நீதிமன்ற உத்தரவின்படி இணையத்தில் ஏலம் விட்டு, தொகையைப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். டேவிடும், அண்ணனைப் பற்றி எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்ததற்காகத் தமக்குக் கிடைத்த பத்து லட்சம் டாலர் பரிசுத் தொகையில், வரியும் வழக்குச் செலவும் போக எஞ்சியதில் பெரும்பகுதியைப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கே கொடுத்தார். 1987-இல் சால்ட் லேக் சிட்டியில் காயமடைந்த கேரி ரைட் என்ற கணினிக் கடைக்காரரும் டேவிடும் பின்னாளில் நண்பர்களாகி, பல மேடைகளில் சேர்ந்தே பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுகளின் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. படம் பார்த்தவர்கள் அவற்றையும் பார்த்துவிட்டு இந்த இழைக்குத் திரும்பி வந்தால் விவாதத்தைத் தொடரலாம்.